1991 ஜூலை ரூபாய் மதிப்புக் குறைப்பு: தூர்தர்ஷன் செய்திப் பதிவு கொங்குப் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

நொய்யல்கரை:
1991 ஜூலை 1-ம் தேதி ரிசர்வ் வங்கி ரூபாயின் மதிப்பை ஏறத்தாழ 9 சதவீதம் இறக்கியது. ஒரு நாள் விட்டு 3-ம் தேதி மறுபடியும் 11 சதவீதம். டாலருக்கு 21 ரூபாய்ச் சொச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த திருப்பூர் பனியன் கம்பெனிகள், அந்த வாரம் முடியும்போது 26 ரூபாயை ஒட்டிக் கணக்குப் போட்டன. 4-ம் தேதி வர்த்தகத் துறையைக் கவனித்த ப. சிதம்பரம் புதிய வர்த்தகக் கொள்கையை அறிவித்தார். ஏற்றுமதியாளருக்கு அரசு தந்த சிசிஎஸ் ரொக்க உதவி போய், இறக்குமதி உரிமை தரும் எக்ஸிம் ஸ்கிரிப் வந்தது. 24-ம் தேதி தொழிற்கொள்கையும் பட்ஜெட்டும் ஒரே நாளில்.

நாளிதழ் பக்கங்கள் எல்லாம் கிடைக்கின்றன. தொலைக்காட்சியில் 1, 3 தேதிகளின் இரவுச் செய்தி அறிக்கை முழுதாக இணையத்தில் கண்ணில் படவில்லை. திருப்பூர், கோவை, ஈரோடு, கரூரில் அப்போதே வீட்டிலும் ஆபீசிலும் டெக்கு (வீடியோ கேசட்டில் பதிந்து ஓட்டும் கருவி) வைத்திருந்தவர்கள் ஏராளம். யாராவது பதிவு செய்திருக்க வாய்ப்புண்டா? பழைய கேசட் கையில் கிடைத்தால் எப்படி எடுக்கவேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அவிநாசி ரோடு:
மன்மோகன் சிங்கே டிவியில வந்து ரூபாய் மதிப்பக் கொறைச்சாச்சுன்னு சொன்னாருன்னு பெரியவங்க பல பேரு சொல்லுவாங்களே. அந்தப் பேச்சத்தானுங்க தேடோணும்?

பெட்டிச்செய்தி:
அதைத் தேடினால் கிடைக்காது. ஜூலை 1, 3 இரண்டுமே ரிசர்வ் வங்கியின் மாற்று விகித அறிவிப்புகள். கேமரா முன் ஒருவர் உட்கார்ந்து நாட்டுக்கு அறிவித்த உரை இல்லை. அன்றிரவு திரையில் வந்திருக்கக்கூடியது, செய்தி வாசிப்பவர் தாளைப் பார்த்துப் படிப்பது, பின்னால் ஒரு படம், மிஞ்சிப்போனால் ரிசர்வ் வங்கிக் கட்டடக் காட்சி. பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும். ‘உரை’ என்று தேடுகிறவர்கள் இதைக் கண்டாலும் தாண்டிப் போய்விடுவார்கள்.

நிலையத்திலேயே இது ஏன் தங்குவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். செய்தி அறிக்கை நேரலையாக வாசிக்கப்படும். நாடாவில் இருப்பது நடுநடுவே ஓடும் காட்சித் துண்டுகள் மட்டும். வாசிப்பையும் சேர்த்து முழு அறிக்கையாகத் தனியே பதிவெடுத்தால்தான் அது மிஞ்சும். அப்படி எடுத்தாலும் நிலையங்கள் பயன்படுத்திய யூமாட்டிக் வகைக் கேசட் விலை அதிகம் என்பதால், அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது உலகம் முழுக்க நிலையங்களில் இருந்த வழக்கம். நிலாவில் மனிதன் இறங்கிய மூல ஒளிபரப்பு இருந்த நாடாக்களையே நாசா அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது. ஆகவே அறிக்கை முழுதாகக் கிடைக்கும் இடம் வீட்டுக் கேசட்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பலர் நினைவில் இருப்பது 1992 பட்ஜெட். பட்ஜெட் நேரலை தொடங்கியதே அந்த ஆண்டுதான்: ரயில்வே பட்ஜெட் பிப்ரவரி 25, பொது பட்ஜெட் பிப்ரவரி 29. நீலத் தலைப்பாகையோடு மன்மோகன் சிங் மக்களவையில் மணிக்கணக்காகப் படிக்கும் கேசட் கிடைத்தால் 1991 என்று துள்ளவேண்டாம். ஏற்றுமதிப் பணத்தில் 40 சதவீதம் அரசு விகிதம், 60 சதவீதம் சந்தை விகிதம் என்று வந்தாலோ, எக்ஸிம் ஸ்கிரிப்பை எடுத்துவிடுகிறோம் என்று வந்தாலோ அது 1992. உர விலையை 40 சதவீதம் ஏற்றும் அறிவிப்பு வந்தால் அது 1991 ஜூலை 24.

டெக்கு வாத்தியார்:
பெட்டிச்செய்தி சொல்வது சரி. எங்கே தேடுவது என்பதை நான் சொல்கிறேன். ‘நியூஸ் 1991’ என்று லேபிள் ஒட்டிய கேசட்டை எதிர்பார்க்காதீர்கள். சினிமாப் படக் கேசட்டின் வாலைப் பாருங்கள்.

ஒரு இ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடும். தமிழ்ப் படம் இரண்டு மணி இருபது நிமிடத்திலிருந்து இரண்டே முக்கால் வரை. செய்தி பதிந்த கேசட்டின்மேல் பின்னாளில் படத்தைப் பதிந்திருந்தால், படம் முடிந்த பிறகு கால் மணி முதல் நாற்பது நிமிடம் வரை பழைய பதிவு அப்படியே இருக்கும். மேலே பதிந்த பகுதியில் பழையது போனது போனதுதான், எந்தக் கருவியாலும் மீளாது. வால் தப்பித்துவிடும்.

வாலைத் தவறவிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டெக்கில் முழு அழிப்புத் தலை, படத்தை எழுதும் தலைகள் உள்ள சுழலும் டிரம்முக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. பதிவை நிறுத்தும் கணத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் நாடா அழிக்கப்பட்டிருக்கும், ஆனால் புதிதாக எதுவும் எழுதப்பட்டிருக்காது. நாடா ஓடும் வேகம் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர். ஆக, படம் முடிந்ததும் சில நொடி வெறும் புள்ளி மழை. பிறகு படம் ஒரு குலுக்குக் குலுக்கி, கோடு கோடாக வந்து, பழைய பதிவு நிலைகொள்ளும். புள்ளி வந்தவுடன் ‘கேசட் காலி’ என்று எடுத்துவிடுகிறார்கள். புள்ளி மழையைக் கண்டால் குறைந்தது ஒரு நிமிடமாவது விட்டுப் பாருங்கள்.

பதிவு தொடங்கும் இடத்தில் இதற்கு நேர்மாறு. அழிக்காத நாடாமேல் புதியது எழுதப்படுவதால் முதல் சில நொடி வானவில் மாதிரி நிறம் நெளியும். அப்படி நெளிந்தால் அந்தக் கேசட் முன்பே ஒரு முறை பயன்பட்டது என்று பொருள். நெளிகிற கேசட்டின் வாலைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
வாத்தியாரண்ணா, பரண்ல கெடந்த கேசட்டுல கண்ணாடி சன்னல் வழியாப் பாத்தா நாடா ஓரத்துல வெள்ளையாப் பூத்திருக்குதுங்க. டெக்குல போட்டுப் பாக்கலாமுங்களா?

டெக்கு வாத்தியார்:
போட்டறாதீங்க. அது பூஞ்சை. ஓட்டினால் மூன்று கெடுதல்: தூள் தலையின் இடுக்கை அடைக்கும், நாடாவில் கீறல் விழும், அதே டெக்கில் அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வரும் கேசட்டுகளில் இது மிக அதிகம். தாராபுரம், கரூர் பக்கம் குறைவு.

முதல் வேலை உலர்த்துவது. காற்றுப் புகாத டப்பாவில் கேசட்டை உறையில்லாமல் வைத்து, கூடவே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கால் கிலோ. நீலம் ரோஸ் நிறத்துக்கு மாறினால் ஜெல்லை எடுத்து வாணலியில் வறுத்துத் திரும்பப் போடுங்கள். இரண்டு மூன்று வாரம். உள்ளே ஈரப்பத மானி ஒன்று போட்டு 35–40 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது, பிளாஸ்டிக் ஓடு கோணிவிடும், நாடாவும் சுருங்கும்.

உலர்ந்த பூஞ்சை தூளாக உதிரும். அப்போதுதான் திறக்கவேண்டும். என்95 முகமூடி கட்டாயம். மின்விசிறியை நிறுத்துங்கள். கேசட்டைக் கவிழ்த்தால் அடியில் ஐந்து ஸ்டார் திருகு. கழற்றிய பிறகு இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து நிமிர்த்தி வைத்து, மேல் பாதியை நேராகத் தூக்குங்கள். மூடியின் குட்டி ஸ்பிரிங்கும் சுருள் தடுப்புகளின் ஸ்பிரிங்கும் துள்ளிப் போகும், வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டு உட்காருங்கள். கையை வைக்குமுன் நாடா எந்தக் குச்சிக்கு உள்ளே, எதற்கு வெளியே போகிறது என்று போனில் ஒரு படம். இரண்டு சுருளையும் நாடா அறுபடாமல் அப்படியே தூக்கி நல்ல ஓட்டுக்கு மாற்றுங்கள். அதற்குத் திருகு உள்ள தரமான பழைய கேசட் ஒன்றைப் பலிகொடுக்கலாம்.

சுத்தம் செய்ய நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணி. நாடாவைத் துணி மடிப்பின் நடுவே விட்டு, மெல்ல ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் துணியில் புது இடம். விரல் படக்கூடாது. விஹெச்எஸ் (வீட்டு வீடியோ கேசட் வகை) நாடாவின் காந்தப் பக்கம் வெளிப்புறம் பார்க்கும். அறுந்தால் ஒட்டும் பட்டையை உள்புறத்தில்தான் ஒட்டவேண்டும், அரையங்குல ஸ்ப்ளைசிங் டேப்பால். செல்லோடேப் ஒட்டினால் பசை கசிந்து தலையை நாசம் பண்ணும்.

கரூர்ச் சந்து:
ஒட்டிக்கொண்ட நாடாவை 50 டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் வைத்தால் சரியாகும் என்று வெளிநாட்டுப் பக்கங்களில் போட்டிருக்கிறதே. சிலிக்கா ஜெல்லோடு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

டெக்கு வாத்தியார்:
அது வேறு நோய்க்கு மருந்து. பிணைப்புப் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும் சில யூமாட்டிக், ஒரு அங்குல நாடாக்களுக்குச் சூடு காட்டுவார்கள். வீட்டு விஹெச்எஸ்ஸில் அந்த நோய் அரிது. பூஞ்சைக் கேசட்டைச் சுட்டால் ஒன்றும் தேறாது, ஓடு வளையும். அதுவும் வீட்டு ஓவனில் 50 என்று திருப்பினால் உள்ளே எவ்வளவு ஏறுகிறது என்று யாருக்குத் தெரியும்? பொறுமைதான் மலிவு.

பொள்ளாச்சி சந்தை:
டெக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அரிய கேசட்டைக் கொண்டுபோய் பத்து வருடம் ஓடாத டெக்கில் போடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். டெக்கு கேசட்டைத் தின்பதற்குப் பத்தில் எட்டு முறை காரணம் ஐட்லர் ரப்பர். அது வழுக்கினால் சுருளைச் சுற்றும் பக்கம் நின்றுவிடும், நாடாவை நகர்த்தும் தண்டான கேப்ஸ்டன் மட்டும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மிச்சமெல்லாம் உள்ளே மடிந்து கசங்கும். ரப்பரைக் கழற்றி ஸ்பிரிட்டில் துடைத்து மெல்லிய எமரித் தாளில் ஒரு சுற்றுத் தேயுங்கள். பளபளப்பு போகாவிட்டால் புதுசு மாற்றுங்கள். நேஷனல் ஜி-10, ஜி-12 மாடல்களுக்கு இன்னும் ரப்பர் செட் கிடைக்கிறது. பவர் சப்ளையில் கண்டென்சர் உப்பியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும், உப்பியிருந்தால் படத்தில் குறுக்கே பட்டை ஓடும்.

திருப்பூர் டெக்குகளுக்கென்றே தனி வியாதி பஞ்சு. நிட்டிங் மெஷின் ஓடின கட்டடத்தில் இருந்த டெக்கைத் திறந்தால் கேப்ஸ்டன் தண்டின் அடியில் மோதிரம்போல் பஞ்சுத் திரி சுற்றியிருக்கும். அது நாடாவை ஒரு மயிரிழை மேலே தூக்கும், ஓரம் சுருங்கும். நாடாவின் கீழ் ஓரத்தில்தான் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் கண்ட்ரோல் டிராக் இருக்கிறது. அது கெட்டால் படம் நிலையாக நிற்காது. ஊசிமுனையால் திரியை வெட்டி எடுத்துவிட்டு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். மருந்துக்கடை 70 சதவீதத்தில் தண்ணீர் இருக்கிறது, வேண்டாம்.

வீடியோ தலைக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகவே ஆகாது. சாமாய் தோல் துண்டை ஆல்கஹாலில் நனைத்து டிரம் பக்கவாட்டில் அசையாமல் பிடித்து, மற்ற கையால் டிரம்மின் மேல்பகுதியை மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் தலை ஒடியும். காய்ந்த பிறகு முதலில் ஒன்றுக்கும் உதவாத கேசட்டை அரை மணி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அசல்.

அலைவரிசை:
எடுப்பதைப் பற்றி. நம் விஷயத்தில் முக்கியமான இடம் வாத்தியார் சொன்ன அந்தப் புள்ளி மழைச் சந்து. ஐந்நூறு ரூபாய் யுஎஸ்பி குச்சி சரியாக அங்கேதான் கைவிடும். ஒத்திசைவு அலை இல்லாமல் போனதும் குச்சி நீலத் திரை காட்டும், சில மென்பொருள் பதிவையே நிறுத்திவிடும், பழைய அறிக்கையின் முதல் சில நொடி போய்விடும். ஒலியும் படமும் விலகிப்போகும். டெக்கின் மெனுவில் நீலத்திரை வசதி இருந்தால் முதலில் அதை அணையுங்கள்.

நல்ல வழி, டெக்கின் படம் வெளிவரும் சாக்கெட்டையே நம்பாமல் தலைப் பெருக்கியிலிருந்து நேரடியாக ஆர்எஃப் (தலை படிக்கும் கச்சா சிக்னல்) எடுப்பது. போர்டில் பிபி.ஆர்எஃப், என்வலப் அல்லது எஃப்எம் என்று அச்சிட்ட சோதனைப் புள்ளி இருக்கும். அதில் ஒரு சிறு கண்டென்சர் வழியாக ஷீல்டு கம்பி இழுத்து, கோனெக்ஸன்ட் சிப் உள்ள பழைய பிசிஐ டிவி கார்டில் கொடுக்கலாம், அல்லது இப்படிக் கச்சா சிக்னலைப் பதியும் டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் போர்டில். கார்டு நொடிக்கு 2.86 கோடி மாதிரி (சாம்பிள்), எட்டு பிட்டில் எடுக்கும். ஒரு மணி நேரத்துக்குக் கச்சாவாக 100 ஜிபி. இழப்பில்லாச் சுருக்க முறையான ஃப்ளாக்கில் சுருக்கினால் கணிசமாகக் குறையும். பிறகு விஹெச்எஸ்-டீகோட் மென்பொருள் அதிலிருந்து படத்தைக் கட்டும். நாடா ஒரே முறை ஓடினால் போதும், டிராக்கிங் கெட்ட இடத்தைக் கணினியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் பிரிக்கலாம். ஒலி தனி. 1991 வீட்டு டெக்குகளில் பெரும்பாலும் மோனோ லீனியர் ஒலிதான், அதை ஆடியோ சாக்கெட்டிலிருந்து கூடவே பதிந்துகொள்ளுங்கள்.

அவிநாசி ரோடு:
இத்தனையும் வாங்கிப் போட முடியாதவங்க என்ன பண்றதுங்க?

அலைவரிசை:
பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து அதன் வழியாகச் சிக்னலை விடுங்கள். பானாசோனிக் இஎஸ்-10, இஎஸ்-15 மாதிரிகள் ஆடும் கோடுகளை நன்றாக நேராக்கும். அப்புறம் நல்ல கேப்சர் கருவி. 720-க்கு 576, பால் (PAL) முறை, நொடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ் (ஒவ்வொரு பிரேமும் இரண்டு களமாக இருப்பது) அப்படியே. ஹஃப்யூவி போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் மணிக்கு 30 ஜிபி பிடிக்கும். நேராக எம்பி4 ஆக்கித் தரும் கடைக்குக் கொடுத்தால், இரட்டைக் களத்தைக் கலந்து பாதி அசைவைத் தொலைத்துவிட்டுத்தான் தருவார்கள்.

ஒன்றில் மட்டும் நேரத்தை வீணாக்காதீர்கள்: உருவத்துக்கு வலப்பக்கம் நிழல் உருவம். கொடைக்கானல் நிலையத்தைப் பிடித்த ஆன்டெனாக்களில் மலையில் மோதித் திரும்பிய அலையும் சேர்ந்தே வந்தது. அது பதிவிலேயே உள்ளது, டிராக்கிங் திருகினால் போகாது.

நொய்யல்கரை:
நாளை எப்படி உறுதி செய்வது? அறிக்கையில் தேதி சொல்லாவிட்டால்?

பெட்டிச்செய்தி:
பக்கத்துப் பதிவைப் பாருங்கள். தூர்தர்ஷன் விம்பிள்டன் இறுதி ஆட்டங்களைக் காட்டிய காலம் அது. 1991 ஜூலை 6 சனிக்கிழமை கிராஃப் சபாட்டினியை வென்றார், 7 ஞாயிறு ஸ்டிச் பெக்கரை வென்றார். ஸ்டிச் கோப்பை வாங்கும் கேசட் கிடைத்தால் அது நமக்கு வேண்டிய வாரம். டென்னிஸுக்காக டைமர் போட்டவர்கள் அதே கேசட்டில் முன்னும் பின்னும் செய்தி பிடித்திருப்பார்கள். அதேபோல் ‘ராஜீவ்’ என்று லேபிள் ஒட்டிய கேசட்: மே 24 இறுதிச் சடங்கைப் பதிந்தவர்கள் மிச்ச இடத்தில் ஜூனில் பதவியேற்புகளை, ஜெயலலிதா 24-ம் தேதி, நரசிம்ம ராவ் 21-ம் தேதி, தொடர்ந்து பதிந்திருக்கக்கூடும். லண்டனுக்கு 47 டன் தங்கம் போனது பற்றிய செய்தி வந்தால் ஜூலை முதல் வாரம் தாண்டிவிட்டது.

அறிக்கையில் வரும் மூன்று வேறு செய்திகளைக் குறித்துக்கொண்டு மறுநாள் நாளிதழோடு ஒப்பிடுங்கள். 1 திங்கள், 3 புதன். மூன்றும் பொருந்தினால்தான் தேதி எழுதவேண்டும்.

காங்கேயம் மயிலை:
வீடுகளை மட்டும் கேட்டால் போதாது. ஸ்டார் டிவி, சன் டிவி வருமுன்னமே நம் ஊர்களில் கேபிள்காரர்கள் டெக்கில் படம் போட்டு ஓட்டினார்கள். அவர்களிடம் பதிவு செய்யும் டெக்கு எப்போதும் இணைப்பில் இருந்தது, கேசட்டைத் திரும்பத் திரும்ப அழித்துப் பதிந்தார்கள். வால்கள் அங்கேதான் மலிவு. மூடின வீடியோ லைப்ரரிகளில் நியூஸ்டிராக், ஐவிட்னஸ், தமிழில் பூமாலை போன்ற வீடியோ இதழ்க் கேசட்டுகளும் கிடக்கும். அவை தூர்தர்ஷன் அறிக்கை ஆகா, ஆனால் அக்காலத்தின் தனியார் செய்திக் காட்சி என்ற வகையில் விட்டுவிடக் கூடாது.

கரூர்ச் சந்து:
கிடைத்ததை யூடியூபில் போட்டால் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தூக்கிவிடாதா?

காங்கேயம் மயிலை:
ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம் 37-ம் பிரிவு தரும் உரிமை, ஒளிபரப்பிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டு. 1991-க்கு அது 2016-உடன் முடிந்தது. ஆனால் உள்ளே வரும் காட்சித் துண்டு தனிப் படைப்பு, அரசுப் படைப்புக்கு 60 ஆண்டு. அதனால் சும்மா பதிவேற்றிவிட்டுப் போவதைவிட, இழப்பில்லாக் கோப்பு ஒன்றை இரண்டு வேறு வேறு ஊர்களில் உள்ள வட்டுகளில் வைத்து, செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) எடுத்து, பிரசார் பாரதி ஆவணப் பிரிவுக்கும் எழுதிக் கேட்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. யூடியூப் பிரதி போனாலும் மூலம் நிற்கும்.

பெட்டிச்செய்தி:
உடன்படுகிறேன். வெட்டி ஒட்டி, ஏஐ போட்டுக் கூர்மையாக்கி, நிறம் ஏற்றிப் போடுகிறவர்களிடம் மூலத்தைக் கொடுக்காதீர்கள். படத்தின் அடியில் தலை மாறும் இடத்தில் ஏழெட்டுக் கோடு கிழிந்தாற்போல் தெரியும். அதை வெட்டினால் வீட்டு விஹெச்எஸ் பதிவு என்பதற்கான அடையாளமே போய்விடும். புள்ளி மழையும் அதன் முன்னால் வரும் படத்தின் கடைசி நிமிடமும் கோப்பிலேயே இருக்கட்டும். மேலே பதிந்தது எந்தப் படம் என்று தெரிந்தால், கீழுள்ளது அதற்கு முந்தியது என்பதற்கு அதுவே சான்று.

ஊத்துக்குளி வெண்ணெய்:
வெள்ளை பூக்காத கேசட்டுத்தான் முக்காவாசி. அதுல வாலை மட்டும் பாக்க முழுசா பாஸ்ட் பார்வர்டு பண்ணிக்கலாமுங்களா?

டெக்கு வாத்தியார்:
படம் தெரிகிற வேகத்தேடலில் வேண்டாம், நாடா டிரம்மைச் சுற்றியபடியே உரசி ஓடும். நிறுத்திவிட்டு பார்வர்டு கொடுங்கள். முப்பது வருடம் சுற்றியே இருந்த சுருள் திடீரென்று இழுத்தால் ஒட்டிய இடத்தில் கிழியும், ஆகவே முதலில் அடியில் நடுவிலுள்ள துளையில் குச்சியால் தடுப்பை அழுத்திக்கொண்டு கையால் பத்துச் சுற்றுத் தளர்த்துங்கள். படம் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டு, பதிவுக் கருவியை ஓடவிட்டபின் பிளே. கடைசியில் கண்ணாடி நாடா (சுருளின் முனையிலுள்ள பதிவில்லாத ஒளிபுகும் பகுதி) வந்ததும் பழைய டெக்குகள் தானாக முழு வேகத்தில் ரிவைண்ட் அடிக்கும். முழு வேக ரிவைண்டை ஒட்டுப்போட்ட நாடா தாங்காது. கண்ணாடி நாடா வரும்வரை காத்திருக்காமல், செய்தி முடிந்ததும் ஸ்டாப் அழுத்திக் கேசட்டை வெளியே எடுத்துவிடுங்க.